எல்லாப் பக்கத்திலும் வீட்டு எண்

அத்தியாயம் பதினான்கு

"பேனா என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த வாரம் இதே நாள் நாலு மணி வரைக்கும் நீ கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான்!"

போன வாரம் இப்படிச் சொல்லி அண்ணன் கையிலிருந்து பிடுங்கிய பேனாவை, இன்று காலை ஒன்பது மணிக்கும் கத்தரி கொண்டையில்தான் செருகி வைத்திருந்தாள். வீட்டில் வேறு பேனாவே இல்லையா என்று கேட்காதீர்கள். பத்து இருக்கிறது. ஆனால் அண்ணன் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அதற்காகவே அவனைப் பிடிக்கும், அதற்காகவே அவனோடு சண்டையும் வரும்.

கத்தரி என்பது வீட்டில் வைத்த பெயர். ஆறு வயதில் கையில் ஒரு கத்தரிக்கோல் கிடைத்து, திரைச்சீலையில் ஆரம்பித்து அண்ணனின் பள்ளிச் சான்றிதழில் முடித்தவள். முப்பத்திரண்டு வயதாகியும் பெயர் விட்டபாடில்லை. வீட்டின் முன்னறைதான் இவர்களுடைய ஆபீஸ். மூன்று மேசை, மூன்று கணினி. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று அண்ணிக்கு, ஒன்று கத்தரிக்கு. கடைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறார்கள்.

அந்தப் பிழைப்பை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு பெரிய கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. கொண்டுவந்தவன் அங்கே வேலை பார்க்கும் அண்ணியின் தம்பி. அண்ணனுக்கு அங்கே ஒரு நாற்காலி, அண்ணிக்கும் ஒரு நாற்காலி. கத்தரியின் பெயரைக் கடிதத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. இன்று மாலை ஐந்துக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"உனக்கென்ன, நீ எங்க போனாலும் பொழைச்சுக்குவே" என்று அண்ணன் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நல்ல வேலையை உதறிவிட்டு நான்கு வருடத்துக்கு முன்னால் இந்த முன்னறைக்கு வந்தவள் அவள். இது போனால் அவளுக்குப் போவது வேலை மட்டுமல்ல.

அதனால்தான் பந்தயம் கட்டினாள். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர், ஒன்பது பிராணி ஆஸ்பத்திரிகள் நடத்தும் டாக்டரம்மா, இன்று நாலு மணிக்கு வருகிறார். ஒன்பது கிளையின் சைட்டையும் அதற்குள் கத்தரி தன் முறையில் மாற்றிக் காட்ட வேண்டும். டாக்டரம்மா சரி என்று சொன்னால் கடிதம் திரும்பிப் போகும். இல்லை என்றால் அண்ணன் கையெழுத்துப் போடுவான், அவள் வாயைத் திறக்கக் கூடாது.

"இன்னும் எத்தனை?" அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"மூணு முடிஞ்சுது. ஆறு இருக்கு."

"ம்."

அந்த 'ம்'மில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. கத்தரி கண்டுகொள்ளவில்லை.

அண்ணனின் வேலைமுறை இதுதான். புது வாடிக்கையாளர் வந்தால் பழைய சைட்டின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பான். பெயரை மாற்றுவான், படத்தை மாற்றுவான், வேலை முடிந்தது. வேகம் என்றால் வேகம்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது கிளைக்கும் ஒன்பது ஃபோல்டர். மேலே உள்ள நீலத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னால் ஒன்பது இடத்தில் குறைக்க வேண்டும். எட்டில் குறைத்துவிட்டு ஒன்றை மறப்பது அண்ணனின் வழக்கம். மறந்த ஒன்றைச் சரியாகக் கண்டுபிடிப்பது டாக்டரம்மாவின் வழக்கம்.

கத்தரி சொல்வது வேறு. இவர்கள் சைட் கட்டப் பயன்படுத்தும் பிஎச்பி ஃப்ரேம்வொர்க் என்ற மென்பொருள் சட்டகத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒரே ஒரு தாய்ப் பக்கம். தலைப்பகுதி, மெனு, அடிப்பகுதி எல்லாம் அதில். கிளைக்குக் கிளை மாறுகிற இடங்களை மட்டும் பெயர் வைத்துக் காலியாக விட்டுவிட வேண்டும். கிளைப் பக்கம் தன் பெயரையும் டாக்டர்களையும் அவசர எண்ணையும் அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளும். நீலத்தைக் குறைக்க வேண்டுமா? தாய்ப் பக்கத்தில் ஒரு தடவை குறைத்தால் போதும்.

"நாலு வருஷமா சொல்றேன்" என்றாள் திரையைப் பார்த்து.

"நாலு வருஷமா என் காப்பிதான் சோறு போடுது" என்றான் அவன் சுவரைப் பார்த்து.

பன்னிரண்டு மணிக்கு அண்ணி டீயோடு வந்தாள். யார் பக்கம் என்று கேட்டால் பிடிகொடுக்காமல் பேசுவாள், ஆனால் டீ மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சூட்டில் வரும். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"பழைய ஃபோல்டரையெல்லாம் அழிச்சிடுவியா?"

"இல்லை அண்ணி. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்." அண்ணி டம்ளரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "என் மேல கோபமா உனக்கு? மாசம் பொறந்தா இந்தத் தடவை என்ன ஆகுமோன்னு பயப்படாம ஒரு வருஷம் இருந்து பாக்கணும்னு நெனைச்சேன். அவ்வளவுதான்."

கத்தரிக்குக் கோபம் இருந்தது. டீயும் நன்றாக இருந்தது. "நாலு மணிக்கு அப்புறம் பேசலாம் அண்ணி" என்றாள்.

உள்ளே நடையில் வீட்டு போன் அடித்தது. அம்மா எடுத்து மெதுவாகப் பேசும் சத்தம் கேட்டது. அந்த போன் எப்போதும் அடித்துக்கொண்டேதான் இருக்கும், யாரும் காது கொடுப்பதில்லை.

இரண்டு மணிக்கு ஏழாவது கிளை. மற்ற கிளைகளைப் போலவே பழைய பக்கத்தைத் திறந்தாள், டாக்டர்களின் பெயரை எடுத்து ஒட்டினாள், படங்களை எடுத்து ஒட்டினாள். மேலே சிவப்புப் பட்டையில் இருந்த அவசர எண்ணை எடுக்கப் போனவள் கை அப்படியே நின்றது.

அது அவர்கள் வீட்டு எண்.

இந்த இடத்தில் இந்தக் குடும்பத்தின் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சைட் செய்ய ஆரம்பித்த புதிதில், ஒரு கேக் கடைக்காரர் இன்னும் எண் தராத இடத்தில் அண்ணன் வாய்க்கு வந்த எண் ஒன்றைப் போட்டு வைத்தான். அது நிஜமாகவே ஒரு லாரி டிரைவரின் எண்ணாக இருந்து தொலைத்தது. இரண்டு நாள் அவரைத் தூங்கவிடாமல் யார் யாரோ கேக் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். மனுஷர் விலாசம் விசாரித்துக்கொண்டு நேரிலேயே வந்து அண்ணனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் ஒன்று பிறந்தது. எண் தெரியாத இடத்தில் வீட்டு எண்ணைப் போடு, பிறகு மாற்று. போட்டால் யாருக்கும் தொல்லை இல்லை, எல்லோருக்கும் மனப்பாடம்.

பிறகு மாற்று என்பதைத்தான் அண்ணன் ஏழாவது கிளையில் மறந்திருக்கிறான். பக்கம் போட்ட தேதியைப் பார்த்தாள். பதினான்கு மாதம்.

பதினான்கு மாதமாக அங்கே நாயும் பூனையும் உயிருக்குத் துடிக்கிற நேரத்தில் ஜனங்கள் இந்த எண்ணுக்கா அழைத்திருக்கிறார்கள்?

எழுந்து நடைக்குப் போனாள். அம்மா மறுபடியும் போனில்தான் இருந்தாள். மடியில் ஒரு டைரி, மூக்கு நுனியில் கண்ணாடி.

"வயிறு கல்லு மாதிரி இருக்கா? அழுத்திப் பாருங்க, கத்துதா? அப்ப ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, தூக்கிட்டு ஏழாவது கிளைக்கு வந்துடுங்க. நான் டாக்டருக்குச் சொல்லிடறேன். அழக் கூடாது. நீங்க அழுதா அது இன்னும் பயப்படும்."

அம்மா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தாள்.

"எத்தனை நாளா அம்மா?"

"என்னது எத்தனை நாளா?"

"அம்மா!"

"போன வருஷத்துலேர்ந்து" என்றாள் அம்மா. "மொதல்ல ராங் நம்பர்னு சொல்லி வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் ஒரு பொண்ணு. அதோட நாய் எலி மருந்தைத் தின்னுடுச்சாம். ஓன்னு அழறா. ராங் நம்பர்னு வைக்க மனசு வருமாடி? எந்த ஆஸ்பத்திரின்னு அவகிட்டயே விலாசத்தைக் கேட்டுக்கிட்டு நானே ஆட்டோ புடிச்சுப் போயி அங்க இருக்கற டாக்டர் நம்பரை வாங்கிட்டு வந்தேன். அவர் என்னை ஹெட் ஆபீஸ் ஆளுன்னு நெனைச்சுட்டார். நானும் இல்லைன்னு சொல்லலை."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. நீங்க மூணு பேரும் முன்னால பொட்டியைத் தட்டிட்டு உக்காந்திருக்கீங்க. சாப்பிட வான்னு கூப்பிட்டா வர அரை மணி நேரம். என்கிட்ட யாராவது ஒரு விஷயம் கேக்கறாங்கன்னா இந்த போன்லதான்டி கேக்கறாங்க."

கத்தரிக்குத் திட்டவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை.

முன்னறைக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"சத்தம் போடாம மாத்திடு. டாக்டரம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்."

"எப்படிச் சொல்லாம இருக்கறது?"

"பைத்தியமா உனக்கு? பந்தயம் கட்டினது நீ. இன்னிக்கு இதைச் சொன்னா தோக்கப் போறதும் நீதான். தப்பு என்னுது. ஆனா நான் உனக்காகத்தான் சொல்றேன்."

அவன் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சலாக இருந்தது. கத்தரி தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். நேரம் இரண்டே முக்கால். இன்னும் இரண்டு கிளைகள் பாக்கி.

தாய்ப் பக்கத்தைத் திறந்தவளுக்கு அடுத்த அடி அங்கே காத்திருந்தது. அவசர எண்ணுக்கு விட்ட காலி இடத்தில், கிளைப் பக்கம் எதுவும் நிரப்பாவிட்டால் இதைக் காட்டு என்று இன்று காலை அவளே ஓர் எண்ணைப் போட்டு வைத்திருந்தாள். எந்த எண் என்று சொல்ல வேண்டுமா?

அண்ணன் ஒரு கிளையில் செய்த தப்பை இவள் ஒன்பது கிளைக்கும் தயார் செய்து வைத்திருக்கிறாள். கை தானாகப் போட்டிருக்கிறது, மூளையைக் கேட்கவே இல்லை. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அந்த எண்ணை எடுத்துக் கடாசினாள். அதன் இடத்தில் வேறொன்று எழுதினாள். அவசர எண் இல்லாமல் எந்தக் கிளைப் பக்கம் வந்தாலும் அது திறக்கவே கூடாது. ஒப்புக்கு ஓர் எண்ணைக் காட்டிப் பூசி மெழுகக் கூடாது. முழுத் திரையும் சிவப்பாகி, இன்ன கிளையில் எண் இல்லை என்று கத்த வேண்டும்.

மூன்று மணிக்கு ஏழாவது கிளைக்கு போன் போட்டு, உங்கள் சரியான எண் என்ன என்று கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண் எண்ணைச் சொல்லிவிட்டு, "அவசரத்துக்குன்னு எங்களுக்கு யாருமே கூப்பிட மாட்டாங்க மேடம். ரொம்ப அமைதியான கிளை இது" என்றாள்.

கத்தரி தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மூன்று ஐம்பதுக்கு ஒன்பதாவது கிளையும் முடிந்தது.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தார். கையில் ஒரு பூனைக் கீறல், அதன் மேல் ஒரு பிளாஸ்டர். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. உட்கார்ந்ததும், "காட்டுங்க" என்றார்.

ஒவ்வொரு கிளையாகக் காட்டினாள். டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை நேரம் மாறுது. பத்து மணி இல்லை, ஒன்பது. எல்லாக் கிளைக்கும். எப்ப முடியும்?"

கத்தரி தாய்ப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினாள். "முடிஞ்சுது. பாருங்க."

டாக்டரம்மா தன் போனிலேயே ஒன்பதையும் திறந்து பார்த்தார். முந்தைய தடவை இதே வேலைக்கு நான்கு நாள் ஆகியிருந்தது. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாவது கிளைல மட்டும் குதிரை பாக்கறோம். அந்தக் கிளைக்கு மட்டும் மேல ஒரு தனிப் பகுதி வேணும். மத்ததெல்லாம் இப்படியே இருக்கணும்."

"அந்த ஒரு இடத்தை மட்டும் மூணாவது கிளை தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கும். மிச்சத்தைத் தாய்ப் பக்கம் பாத்துக்கும்." சொல்லிக்கொண்டே செய்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மூன்றாவது கிளையின் நெற்றியில் குதிரைப் பகுதி வந்து உட்கார்ந்தது. மற்ற எட்டும் அசையவில்லை.

டாக்டரம்மா முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தார். அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லாருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒரே ஒரு விஷயம். ஏழாவது கிளைல அவசர போன் எடுக்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். வர்ற ஜனங்கள்லாம் அவங்களைப் பத்தித்தான் பேசறாங்க. அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். கத்தரி கொண்டையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு பொய், அப்புறம் எல்லாம் நினைத்தபடி முடிந்துவிடும்.

"தெரியும்" என்றாள். "எங்க அம்மா."

எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டு எண் வழக்கத்தை, பதினான்கு மாதத்தை, இன்று காலை தானும் அதே காரியத்தைச் செய்ததை. ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. பாதியில் அண்ணன் எழுந்து நின்றான்.

"அந்தப் பக்கத்தைப் போட்டது நான். இவ இல்லை. எண்ணை மாத்த மறந்தது நான்தான் மேடம்."

டாக்டரம்மா டீயைத் தள்ளி வைத்தார். "மூணு மணிக்கு ஏழாவது கிளைலேர்ந்து எனக்கு போன் வந்துது. வெப்சைட்காரங்க நம்ம நம்பர் என்னன்னு கேக்கறாங்களேன்னு. என்னமோ இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுது. அந்த அம்மாவைக் கூப்பிடுங்க."

அம்மா டைரியோடு வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றாள். டாக்டரம்மா டைரியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். தேதி, நேரம், என்ன பிராணி, என்ன ஆயிற்று. ஒரு வரியில் விரல் நின்றது.

"இந்தக் கிளி?"

"அது..." என்றாள் அம்மா. "டாக்டரை மூணு தடவை கூப்பிட்டேன். எடுக்கலை. அவங்க வந்து சேர்றதுக்குள்ள போயிடுச்சு."

"ஆஸ்பத்திரி போன் அடிச்சிருந்தா அங்க இன்னொரு டாக்டர் இருந்தார்."

கிளிக்கு ஒரு வரிதான் டைரியில். அந்த ஒரு வரியைப் பார்க்க அண்ணனுக்குத் தெம்பு இல்லை. கத்தரி பார்த்தாள். பார்த்தே ஆக வேண்டும் என்று பார்த்தாள்.

"இனிமே இது நடக்காதுன்னு எப்படி நம்பறது?" என்றார் டாக்டரம்மா.

கத்தரி தன் கணினியில் ஏழாவது கிளையின் அவசர எண்ணை அழித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவந்தது. ஏழாவது கிளையில் அவசர எண் இல்லை, இந்தப் பக்கம் வெளியே போகாது என்று பெரிய எழுத்தில் வந்தது.

"எண் இல்லாம பக்கமே பொறக்காது மேடம். நான் மறந்தாலும் சரி, அண்ணன் மறந்தாலும் சரி."

டாக்டரம்மா அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்தார். "இது பதினாலு மாசத்துக்கு முன்னாடி இருந்திருக்கணும்" என்றார். "நடந்ததையெல்லாம் எழுதி நாளைக்குக் காலைல கொண்டு வாங்க. அண்ணன் இல்லை, நீங்க. வேலை உங்ககிட்டயே இருக்கட்டும்."

அம்மாவிடம் டைரியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கடைசிப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "நீச்சல் பள்ளின்னு அஞ்சு தடவை எழுதியிருக்கீங்க. சோபாக் கடைன்னு ரெண்டு. அவங்க சைட்டும் நீங்கதான் பண்றீங்களா? அங்கயும் நம்பரைப் பாத்துடுங்க."

டாக்டரம்மாவை வாசல் வரை கொண்டுவிட்டு வந்தார்கள். மணி நாலு நாற்பத்தைந்து. ஜெயித்துவிட்டாள். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீச்சல் பள்ளிக்கு நாம சைட் பண்ணினோமா?" என்றாள் கத்தரி.

"இல்லையே" என்றான் அண்ணன். "சோபாக் கடைக்கும் இல்லை."

"அதெல்லாம் நிஜமாவே ராங் நம்பர்டி. இந்த மாசம்தான் வர ஆரம்பிச்சுது. நாங்க இல்லைங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்" என்றாள் அம்மா.

கத்தரி தன் நாற்காலிக்குப் போகவில்லை. நின்றபடியே வீட்டு எண்ணைத் தட்டி இணையத்தில் தேடினாள். ஒரு நீச்சல் பள்ளி வந்தது. ஒரு சோபாக் கடை வந்தது. நீச்சல் பள்ளியைத் திறந்தாள். நீலம் கொஞ்சம் வேறு, படங்கள் வேறு. மெனு அண்ணனுடையது, அடிப்பகுதி அண்ணனுடையது, மூலையில் மாற்றாமல் விட்ட வீட்டு எண்ணும் அண்ணனுடையது.

பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல நிரலைத் திறந்து கடைசி வரிக்குப் போனாள். தான் செய்யும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அண்ணன் ஒரு வரி எழுதி வைப்பான். விளையாட்டுக்குத்தான், பக்கத்தை வெளியே விடும்போது அதை எடுத்துவிடுவான். இங்கேயும் இருந்தது.

'இது வரைக்கும் வந்தவர் போய் ஒரு டீ குடிக்கவும்.'

"என் வரி" என்றான் அண்ணன்.

கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தின் அடியில், இந்தத் தளத்தை உருவாக்கியவர்கள் என்று ஒரு பெயர் இருந்தது. மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த கடிதத்தின் தலையிலும் அதே பெயர்தான் இருந்தது.

அண்ணன் கடிதத்தை எடுத்தான். படிக்கவில்லை. இரண்டாக மடித்தான், இன்னும் ஒரு தடவை மடித்தான். "நம்ம வேலையை வெலைக்குக் கேக்கறாங்கன்னு நெனைச்சேன்" என்றான். "ஏற்கெனவே எடுத்துட்டாங்க. இப்ப வாயை அடைக்கத்தான் நாற்காலி போடறாங்க."

"எப்படி எடுத்தாங்க?" என்றாள் கத்தரி. "இந்த வரியோட இருக்கற ஃபோல்டர் வெளியே எங்கேயும் கிடையாதே. இந்த மூணு மெஷின்லதானே இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அண்ணனுடைய மேசை இங்கே. தன்னுடையது இங்கே. மூன்றாவது மேசையை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அங்கே அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

"மாதிரிக்கு ஒரு ஃபோல்டர் குடுன்னு தம்பி கேட்டான்" என்றாள் அண்ணி. "உங்க வேலை எவ்வளவு நல்லாருக்குன்னு மேலதிகாரிகிட்ட காட்டணும், பாத்துட்டு அழிச்சிடறேன்னான், அனுப்பிட்டேன். என் தம்பிங்க அவன்."

அம்மா மருமகளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்போது அண்ணியின் மேசையில் செல்போன் அதிர்ந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி. திரையில் 'தம்பி' என்று மின்னியது. கையெழுத்து ஆயிற்றா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான், வேறெதற்கு?

அண்ணியின் கை போன் பக்கம் போய், தொடாமல் நின்றது. அண்ணனின் கையும் எழவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து மேசையின் விளிம்புக்கே வந்துவிட்டது.

கத்தரி கொண்டையில் இருந்து பேனாவை உருவி, மடித்த கடிதத்தின் மேல் வைத்தாள். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா இல்லை" என்றாள். "நான் பேசறேன். நீச்சல் பள்ளியைப் பத்தி."